வடக்கே ஒரு நகரம் – 23: காய்ச்சல் நாளின் கூலி

1947ஆம் ஆண்டின் 36ஆவது சட்டமாக அரசிதழில் ஏறிய சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 25ஆம் பிரிவை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கடையிலோ வணிக நிறுவனத்திலோ வேலை பார்ப்பவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், விபத்தில் அடிபட்டாலும், ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்கிறது அந்தப் பிரிவு. தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. ஓராண்டு வேலையை முடித்தவருக்கு இன்னொரு 12 நாள் விடுமுறை. நோய் விடுப்புக்காக ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்த முதல் ஆண்டிலேயே அந்த உரிமை தொடங்கிவிடுகிறது. கடையில் ஐம்பது பேர் இருக்கிறார்களா ஐந்து பேரா என்ற கேள்வியைக்கூட அன்றைய சட்டம் கேட்கவில்லை. நாடு விடுதலை பெற்ற சூட்டில், சென்னைச் சட்டசபை ஒரு ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் பொட்டலம் கட்டும் பையனுக்கும் இதை எழுதிக் கொடுத்தது. வடசென்னைத் தொழிலாளர் வரலாற்றைச் சங்கங்களின் வழியாகவும் வேலைநிறுத்தங்களின் வழியாகவும் பார்த்துக்கொண்டு வந்த இத்தொடர், இந்த வாரம் இந்த ஒரு பிரிவில் நிற்கிறது. காரணம், ராயபுரத்துக் கல்மண்டபத்தைச் சுற்றி உழைத்த பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தவே இல்லை. பொருந்தாமல் போனது தற்செயலாக அல்ல என்பதும், அதை மாற்றும் அதிகாரம் மாநில அரசின் கையில் இன்றும் இருக்கிறது என்பதுமே இந்த அத்தியாயத்தின் வாதம்.

கல்மண்டபம் இதை யோசிக்கத் தோதான இடம். நடக்கிற தூரத்தில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள். அந்தப் பக்கம் துறைமுகம், இந்தப் பக்கம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்; டயர், மோட்டார் சைக்கிள், லாரி, உரம், அனல்மின்சாரம் என்று ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும் ஆலைகள். ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட, அண்ணன் ஆலைக்கும் தம்பி கடைக்கும் மாமன் துறைமுகத்துக்கும் அக்கா மீன் ஏலத்துக்கும் போகிற குடும்பங்கள் இங்கே சாதாரணம். நான்கு பேருக்கும் ஒரே கொசு கடித்து ஒரே டெங்கு வரலாம். கடைக்குப் போகிறவருக்குச் சட்டப்படி 12 நாள் சம்பளம் உண்டு. ஆலைக்குப் போகிறவருக்கு அது வேறு கணக்கு. துறைமுகத்தில் காண்ட்ராக்டில் மூட்டை தூக்குகிறவருக்கு இன்னொரு கணக்கு. மீன் விற்கிறவருக்குக் கணக்கே இல்லை. நோயைப் பார்த்துச் சட்டம் இந்தக் கோடுகளைப் போடவில்லை. வேலை நடக்கும் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் போட்டது.

ஆலைத் தொழிலாளிக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். கடைகள் சட்டத்துக்கு அடுத்த ஆண்டே, 1948இல், தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. இயந்திரத்துக்கு வேலி, கழிப்பறை, குடிநீர், வாரத்துக்கு 48 மணி நேர வேலை, உணவகம் என்று நல்லது பல அதில் இருந்தது. நோய் விடுப்பு மட்டும் இல்லை. 79ஆம் பிரிவு 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்று ஆண்டு விடுப்பு தந்தது. 1954 திருத்தத்துக்குப் பிறகு, ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கே அது கிடைத்தது. அதே பிரிவின் ஏழாவது உட்பிரிவைப் படித்தால்தான் சட்டம் இயற்றியவர்களின் மனம் தெரிகிறது: உடம்பு சரியில்லாத நாட்களை ஈடுகட்ட இந்த ஆண்டு விடுப்பைத் தொழிலாளி கேட்டால், உரிய கெடுவுக்குள் விண்ணப்பிக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்கிறது அது. கருணையான வாசகம்தான். ஆனால் அதன் பொருள், ஊருக்குப் போகவும் குடும்பத்தோடு நான்கு நாள் இருக்கவும் சம்பாதித்த விடுப்பைக் காய்ச்சலுக்குச் செலவழித்துக்கொள் என்பதே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது, அது முன்னேற்றமே. ஆலைத் தொழிலாளிக்கு நோய் விடுப்பு என்று தனியாக ஒன்று அவற்றிலும் இல்லை. பெரிய ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர்கள் சங்க ஒப்பந்தங்கள் மூலம் மெடிக்கல் லீவு பெற்றிருக்கிறார்கள். அது பேரம் பேசும் வலிமையால் வந்தது. அதே வாசல் வழியாக உள்ளே போகும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த ஒப்பந்தம் எட்டாது.

1948இன் சட்டசபையினர் ஏன் இப்படி விட்டார்கள்? மறதி என்று சொல்ல முடியாது. அவர்கள் வேறு ஒரு பெரிய ஏற்பாட்டை நம்பினார்கள். இந்தியத் தொழிலாளியின் உடம்புக்கு முதலில் விலை வைத்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இயந்திரத்தில் கை போனால் இழப்பீடு உண்டு, காய்ச்சலில் படுத்தால் இல்லை என்ற பிரிவினை அங்கேயே தொடங்கிவிட்டது. 1927இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஆலைத் தொழிலாளிகளுக்கு நோய்க் காப்பீடு வேண்டும் என்று உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் குடும்பங்கள் கடனில் இருப்பதாக மதிப்பிட்டது. நோயில் போன கூலி அந்தக் கடனின் ஊற்றுகளில் ஒன்று. 1943இல் பேராசிரியர் பி.பி. அடார்க்கரிடம் பொறுப்பு தரப்பட்டு, 1944இல் அவர் நோய்க் காப்பீட்டுத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். ஜவுளி, பொறியியல், கனிம உலோகத் தொழில்கள் என்ற மூன்றோடு தொடங்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1948 ஏப்ரலில் ஊழியர் அரசுக் காப்பீட்டு (இஎஸ்ஐ) சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூர் முதலில் அதைப் பெற்றது. ஆலைக்காரனை இஎஸ்ஐ பார்த்துக்கொள்ளும், கடைக்காரனை முதலாளி பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அன்றைய கணக்காக இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு அது பிழையான கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

இஎஸ்ஐ பெரிய சாதனை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம், அயனாவரத்தில் பெரிய மருத்துவமனை, நோய்க்காலத்தில் சராசரிக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை, காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை. உலகின் சில பணக்கார நாடுகளில்கூட இவ்வளவு இல்லை. 91 நாள் என்பது 13 வாரம். 1883இல் பிஸ்மார்க் ஜெர்மனியில் கொண்டுவந்த முதல் நோய்க் காப்பீட்டுச் சட்டமும் 13 வாரம்தான் தந்தது, கூலியில் பாதி வீதம். ஆனால் இஎஸ்ஐ நீண்ட படுக்கைக்காகக் கட்டிய திட்டம். மூன்று நாள் காய்ச்சல் அதன் வலைக்கண் வழியாக நழுவிவிடும். நோயின் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள், பணம் இல்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மீண்டும் படுத்தால் மட்டும் அது தளரும். நாளுக்கு 600 ரூபாய் வாங்குகிறவர் மூன்று நாள் படுத்தால் 1,800 ரூபாய் போகும், கைக்கு வருவது சுமார் 420. அந்த 420க்கு டிஸ்பென்சரியில் வரிசை, சான்றிதழ், கிளை அலுவலகம் என்று அலைய வேண்டும். பலர் அலைவதில்லை, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள்.

வேறு ஓட்டைகளும் உண்டு. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் நோய்க்காலப் பணம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்பது மாதம் கழித்தே பயன்காலம் தொடங்கும். நிரந்தர வேலைக்கு இது பெரிய தடை இல்லை. இரண்டு மாதம் இங்கே, ஒரு மாதம் சும்மா, மூன்று மாதம் அங்கே என்று ஓடுகிற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு 78 நாள் தொட்டுவிடும் தூரத்திலேயே நின்றுவிடும். அடுத்தது சம்பள வரம்பு. 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் என்று வைத்தார்கள்; அதற்குப் பிறகு விலைவாசி ஏறிய ஏற்றத்தை எண்ணூரில் வாடகை கொடுக்கிற எவரும் சொல்வார். சங்கம் போராடி வாங்கிய சம்பள உயர்வு ஒருவரை 21,500க்குக் கொண்டுபோனால், நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் அவர் இஎஸ்ஐக்கு வெளியே நிற்பார். காப்பீடும் போய்விடும், ஆலைச் சட்டத்தில் நோய் விடுப்பும் இல்லை. உயர்வு வாங்கியதற்கு அபராதம் கட்டுவதைப் போன்ற இந்த நிலை எழுபது ஆண்டுகளாக ஒவ்வொரு வரம்பு மாற்றத்துக்கும் இடையில் திரும்பத் திரும்ப வருகிறது.

கூலியில்லாத நோய் என்ன செய்யும் என்பதற்கு இந்த நகரமே உலகத்துக்குச் சாட்சியம் தந்திருக்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இன்றும் அதன் வாரிசு நிறுவனம் இருக்கிறது. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை நெருக்கடியான அவர்களுடைய வீட்டிலேயே விட்டும், ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானது: நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக வீட்டுச் சிகிச்சையும் பலித்திருந்தது. உலகம் முழுதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மருத்துவம் வென்றது, கூலிக்கு என்ன ஆனது? 1990களின் இறுதியில் அதே மையத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்திய நோயாளிகளிடம் செலவுக் கணக்கைக் கேட்டார்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம் என்றாலும், ஒரு நோயாளி சராசரியாக 83 வேலை நாட்களை இழந்திருந்தார். குடும்பங்கள் கடன் வாங்கியிருந்தன. பள்ளிக்குப் போன பிள்ளைகளில் 11 சதவீதம் பேர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று முதியவர்கள் இன்றும் சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனை, 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது. பசியையும் நோயையும் பிரிக்க முடியாது என்று இந்த வட்டாரம் அறிந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இலவச மருந்து வரை நாம் வந்துவிட்டோம். மருந்து சாப்பிடும் நாளில் அடுப்பு எரிய வேண்டும் என்பதைச் சட்டம் எல்லாருக்கும் இன்னும் ஏற்கவில்லை.

துறைமுகத்தின் கதை இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் முதலாளி யார் என்றே தெரியாத வேலையிலும் வருமானத்தைக் காக்க முடியும் என்று அது காட்டியது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்பதே துறைமுகத் தொழிலின் இயல்பு. காலையில் மேஸ்திரி முன்னால் கூட்டம் நிற்கும். அவர் கை காட்டியவர் கேங்கில் சேர்வார். இருமுகிறவனைப் பார்த்து எந்த மேஸ்திரியும் கை காட்ட மாட்டார். இந்த அன்றாடங்காய்ச்சி நிலையை ஒழிக்க வேண்டும் என்று விட்லி ஆணையம் சொல்லி, 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. 1950களில் சென்னைக்கும் தொழிலாளர் வாரியம் அமைந்தது. தொழிலாளி வாரியத்தில் பதிவு செய்துகொள்வார். கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரான ஸ்டீவடோர் எவர் எடுத்தாலும் அவர் வாரியத்தின் ஆள். வேலைக்கு வந்து கப்பலில்லாமல் திரும்பினாலும் வருகைப்படி உண்டு. மாதத்துக்குக் குறைந்தபட்சக் கூலி உத்தரவாதம் உண்டு. செலவை ஸ்டீவடோர்களிடம் கூலி மேல் தீர்வையாக வசூலித்தார்கள். முதலாளி நாளுக்கு நாள் மாறினாலும் உரிமை தொழிலாளியோடு நடந்தது. இன்று சமூகப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலச் சொல்வது அதுதான். ராயபுரத்துத் தொழிலாளி ஏழு பத்தாண்டுக்கு முன்பே அதில் வாழ்ந்திருக்கிறார். பிறகு கண்டெய்னர் வந்தது, ஆள் தேவை குறைந்தது. 1997இல் பெரிய துறைமுகங்களில் வாரியங்களை விலக்கிக்கொள்ளச் சட்டம் வந்தது. 2001இல் சென்னையின் கண்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. அதே ஆண்டு எண்ணூரில் புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியது. சரக்கு பன்மடங்கு பெருகியது. அதைச் சுற்றி வளர்ந்த கிடங்கு, யார்டு, லாரி வேலைகளில் இருப்பவர்களுக்கு அந்த வாரியத்துக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

நோய் தனிமனிதரோடு நின்றால் இதைத் தனிமனிதரின் துயரம் என்றாவது தள்ளிவிடலாம். 2020 மே மாதம் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் கொரோனா தொற்று மிகுதியாக இருந்தது ராயபுரம் மண்டலத்தில். நெருக்கமான வீடுகளும் சந்தைகளும் காரணமாகச் சொல்லப்பட்டன. அவை உண்மையே. இருமலோடு வேலைக்குப் போகாமல் இருந்தால் அன்றைய கூலி போகும் என்ற நிலையில் வாழும் மக்கள் அடர்ந்த வட்டாரமும் அதுதான். ஊரடங்கில் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை இட்ட ஆணை மே நடுவில் கைவிடப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், அந்த ஆணையை மீறிய முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. நிரந்தரச் சட்டம் இல்லாத இடத்தில் அவசர ஆணை எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு அது அளவுகோல். எண்ணூரில் நோய்க்குக் காரணம் தொழிலாளியின் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2023 டிசம்பரில் முதலில் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது; அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவர் மறுநாள் கூலியை யாரிடம் கேட்பது?

நோய் விடுப்பை எல்லாருக்கும் விரிப்பதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, சிறு முதலாளி தாங்கமாட்டார் என்பது. இந்த வாதம் தலைகீழாக நிற்கிறது. நம் மாநிலத்தில் 1947 முதல் நோய் விடுப்புச் சுமையைச் சட்டப்படி சுமப்பவர்கள் சிறு கடைக்காரர்கள்தாம். சட்டம் தொடாமல் விட்டது பல்லாயிரம் கோடி விற்பனை உள்ள ஆலைகளை. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை தாங்க வேண்டியதை, எண்ணூரின் ஒரு பெரிய ஆலை தன் காண்ட்ராக்ட் தொழிலாளிக்குத் தாங்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்? கடைகளில் மட்டும் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று திருப்பிக் கேட்கலாம். நடக்கவில்லை, பல கடைகளில் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதே வழக்கம், ஆய்வாளர் வந்து பார்ப்பதும் அரிது. இருந்தும் ஏட்டில் உரிமை இருப்பதற்கு ஒரு பயன் உண்டு. ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்று கால் வீங்கிய பெண்கள் சங்கமாகக் கேட்டதன் விளைவாக 2021இல் அதே கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டசபை எழுதியது. ஒரு சட்டம் இருந்ததால்தான் திருத்த ஓர் இடம் இருந்தது. செலவையும் பார்த்துவிடலாம். ஆண்டில் 300 வேலை நாள் என்று வைத்தால், ஒவ்வொருவரும் 12 நாளையும் முழுதாக எடுத்தாலும் கூலிச் செலவு 4 சதவீதம் கூடும். எல்லாரும் அத்தனை நாள் எடுக்கப்போவதில்லை.

எடுக்கத்தான் போகிறார்கள், பொய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு சினிமாவுக்குப் போவார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். அரசு ஊழியரின் மெடிக்கல் லீவைப் பற்றிய கேலிகளைக் கேட்டு வளர்ந்த ஊரில் இதற்கு மதிப்பு அதிகம். ஏமாற்றுகிறவர்கள் இருக்கவே மாட்டார்கள் என்று வாதிடுவது வீண். எத்தனை பேர் என்பதே கேள்வி. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான நோய் விடுப்புச் சட்டம் இல்லாத நிலையில், சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் 2006இல் வாக்களித்துத் தங்கள் நகரத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். சிறு நிறுவனத்தில் 5 நாள், பெரியதில் 9 நாள் வரை. சில ஆண்டுகள் கழித்து நடந்த கணக்கெடுப்பில் சராசரித் தொழிலாளி எடுத்தது 3 நாள். நால்வரில் ஒருவர் ஒரு நாளும் எடுக்கவில்லை. நாளைக்குப் பெரிய நோய் வந்தால் வேண்டுமே என்று நாளைச் சேமிக்கிற புத்தி அமெரிக்கருக்கு மட்டும் உரியது இல்லை. இன்னும் நெருங்கிய உதாரணம் சிங்கப்பூர். ஆறு மாதம் வேலை பார்த்த தொழிலாளிக்கு அங்கே சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் நோய் விடுப்பு, மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள் வரை, சம்பளத்துடன். கப்பல் பட்டறைக்கும் கட்டுமானத்துக்கும் போன தமிழ்த் தொழிலாளர்கள் ‘எம்சி’ (மருத்துவச் சான்றிதழ்) போட்டேன் என்று சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். முதலாளி சார்புக்குப் பெயர் போன அந்தத் தீவின் பொருளாதாரம் இதனால் கவிழ்ந்துவிடவில்லை. அதே வெல்டர் ஊர் திரும்பி எண்ணூரில் காண்ட்ராக்டில் சேர்ந்தால், அந்த எம்சி விமானத்திலேயே தங்கிவிடுகிறது.

தொழிலாளர் சட்டம் மத்திய அரசின் கையில், மாநிலம் என்ன செய்யும் என்பது மூன்றாவது. சமூகக் காப்பீடும் தொழிலாளர் நலனும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளவை. மத்தியச் சட்டத்தோடு மோதும் இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். கடைகள் சட்டத்தைப் பொறுத்தவரை அது முழுக்க மாநிலத்தின் சொந்தச் சட்டம். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொடியேற்றி, அந்த நாளைத் தொழிலாளருக்கு விடுமுறையாக்கக் கேட்டார். இன்று மே தினம் சம்பளத்துடன் விடுமுறையாக இருப்பது, 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய மாநிலச் சட்டத்தின் வழியே. அதற்கு மாறான திசையிலும் மாநிலத்தின் கை நீண்டதுண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்க, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வேலை நேரத்தை நீட்டத் திருத்த முடிந்த சட்டத்தை நோய் நாளுக்காகத் திருத்த முடியாது என்று இனிச் சொல்ல வழியில்லை.

கடினமான கேள்வி, முதலாளியே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பது. மீன் விற்பவர், சுமை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், செயலி வழியே சாப்பாடு கொண்டுபோகிறவர். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த நல வாரியங்கள் தமிழ்நாட்டின் பெருமை. விபத்து மரணம், இயற்கை மரணம், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, ஓய்வூதியம் வரை அவற்றின் பட்டியல் நீள்கிறது. பட்டியலில் இல்லாதது படுக்கையில் கிடக்கும் நாளின் கூலி. செத்தால் உதவி உண்டு, நோயில் படுத்தால் இல்லை என்பதைச் சற்று நிதானமாக யோசித்தால் அதன் விபரீதம் புரியும். பணம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் காசிமேட்டிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்வளம் பெருக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களுக்காக மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது; அது 8,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. குடும்பம் இரண்டு மாதம் நடத்தப் போதாத தொகை அது. தொகையை விட அதன் அடிப்படை முக்கியம்: பொது நன்மைக்காக ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் அந்த இழப்பைப் பொதுப் பணம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அரசு ஏற்றிருக்கிறது. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வலை போடாமல் இருப்பது பொது நன்மை என்றால், அம்மையோடும் காசநோயோடும் கூட்டத்துக்குள் போகாமல் இருப்பதும் பொது நன்மையே.

ஆக, செய்ய வேண்டியதற்கான துண்டுகள் எல்லாம் இங்கேயே சிதறிக் கிடக்கின்றன. கடைகள் சட்டத்தின் 12 நாளை, மாநிலத்தில் கூலிக்கு உழைக்கும் எல்லாருக்கும், காண்ட்ராக்ட் தொழிலாளிகளையும் சேர்த்து, குறைந்தபட்ச உரிமையாக விரிக்க வேண்டும். காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும். கூலி பாக்கிக்கும் இஎஸ்ஐ சந்தாவுக்கும் ஏற்கெனவே அப்படித்தான் சட்டம் இருக்கிறது. இஎஸ்ஐயில் இருப்பவருக்கு முதல் இரண்டு நாளையும் 70 சதவீதத்துக்கு மேலுள்ள மிச்சத்தையும் மட்டும் முதலாளி ஈடுகட்டினால் போதும், இரட்டைச் செலவு வராது. நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு நோய்க்காலப்படி. அதற்கான நிதிக்குக் கட்டுமானத்தில் உள்ள ஒரு சதவீதத் தீர்வை ஒரு முன்மாதிரி. 2025இல் கர்நாடகம் இயற்றிய சட்டத்தின்படி செயலி நிறுவனங்களின் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 1 முதல் 5 சதவீதம் வரை வசூலிக்கலாம், அது இன்னொன்று. துறைமுகத்துக்கு அதன் பழைய தீர்வையே இருக்கிறது: எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் ஒவ்வொரு கண்டெய்னர் மீதும் சிறு தொகை வைத்தால், யார்டிலும் கிடங்கிலும் உழைப்பவர்களின் காய்ச்சல் நாட்களுக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். கப்பல் கம்பெனிகள் ஆந்திரத்தின் கிருஷ்ணப்பட்டினம் துறைமுகத்துக்கு ஓடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சரக்கு வெளியேறியதற்குக் காரணம் தொழிலாளியின் சலுகைகள்தானா, நெரிசலான சாலையா என்பது அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)